இரவு பன்னிரண்டு முதல் ஐந்து வரை

ஆகஸ்ட் 20, 2025, புதன்

ஆன்லைன் விளையாட்டு மசோதாவை இன்று மக்களவையில் வைத்தார்கள். இன்றே நிறைவேற்றியும் விட்டார்கள். முப்பது நாள் காவலில் இருந்தால் முதல்வரானாலும் பிரதமரானாலும் பதவி போய்விடும் என்கிற 130ஆவது திருத்த மசோதாவும் இன்றுதான் வந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதன் நகலைக் கிழித்து வீசினார்கள். அந்த அமளியில் விளையாட்டு மசோதா குரல் வாக்கெடுப்பில் தாண்டிவிட்டது. கோடிக்கணக்கான பேர் கைபேசியில் செய்கிற காரியம். ஒரு முழு மணி நேரம் உட்கார்ந்து பேச ஆளில்லை.

பணம் கட்டி ஆடுவது எதுவானாலும், திறமையா அதிர்ஷ்டமா என்கிற பேச்சே இல்லாமல் தடை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, ஐம்பது லட்சம். ஆடுகிறவனுக்குத் தண்டனை கிடையாது. இந்தக் கடைசி வரியை எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

ஆவடியிலிருந்து அக்கா போன் செய்தாள். "இனிமே உன் கேமெல்லாம் மூடிடுவாங்களாமே? நல்லதுடா." அவளுக்கு ரம்மியும் நான் ஆடுவதும் ஒன்றுதான். நான் ஆடும் விளையாட்டுக்கு ஒரு தடவை காசு கொடுத்து வாங்குகிறேன், அதோடு சரி, தோற்றால் என் மானம்தான் போகும் என்றேன். "அது மட்டும் கம்மியா?" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாநிலங்களவையிலும் முடிந்தது. இங்கே எவரும் கவனிக்கவில்லை. இரண்டாம் ஷிஃப்ட் டீ பிரேக்கில் பட்டறை முழுக்க மதுரை பாரப்பத்தியில் நடக்கும் நடிகர் விஜய் கட்சி மாநாடுதான், ஆளுக்கொரு போனில். சிஎன்சி மெஷினை விட்டு இரண்டு நிமிடம் நகராத பையன்கள் விஜய் மேடையில் நடந்து வருவதற்காக இருபது நிமிடம் நின்றார்கள். "நீங்க பாக்கலியாண்ணே?" என்றான் ஒருவன். தேர்தலில் யாருக்கோ ஓட்டுப் போடுவேன், அதற்கு முன்னால் யாருக்கும் என் சாயங்காலத்தைக் கொடுப்பதாக இல்லை என்றேன். அவன் என்னை வேறு கட்சிக்காரன் என்று முடிவு செய்துகொண்டான். நம் ஊரில் எந்தக் கட்சியிலும் இல்லாதவன் என்றால் எதிர்க்கட்சிக்காரன் என்று பொருள். யாருக்கு எதிர்க்கட்சி என்பது கேட்கிறவரைப் பொறுத்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வண்டியில் வந்து, முகப்பேர் மேற்கில் ஆறின சாதத்தைச் சாப்பிட்டு, கணினி முன் உட்கார்ந்தால் மணி பன்னிரண்டு. என் நாள் தொடங்குவது அப்போதுதான். அதனால்தான் இந்த பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் போட்ட விதி எனக்கு உறுத்தியது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை உள்ளே நுழையக் கூடாது, ஆதார் காட்ட வேண்டும், பதினெட்டு வயதுக்குக் கீழே கிடையாது. ஜூன் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது. பணம் வைத்து ஆடுவதற்கு மட்டும்தான் இந்த விதி. என் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை. வயது வரம்பில் எனக்கு வழக்கில்லை. ஆனால் வளர்ந்த மனிதன் எப்போது தூங்கப் போக வேண்டும் என்று அரசிதழில் அச்சடிக்கிற வழக்கம் ஒரு தடவை வந்துவிட்டால், அது ரம்மியோடு நிற்கும் என்று நான் நம்பவில்லை. பகல் ஷிஃப்ட் போகிறவர்கள் எழுதும் விதிகள் இப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குடியரசுத் தலைவர் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார். மக்களவையிலிருந்து கையெழுத்து வரை மூன்று நாள். தமிழ்நாடு இதே வேலைக்கு ஐந்து வருடம் மல்லுக்கட்டியது. 2020இல் அவசரச் சட்டம், 2021இல் சட்டம், அதே வருடம் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022இல் புதிய சட்டம். ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் பேரவை மறுபடி நிறைவேற்றி அனுப்பியதும் ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு, அவற்றுக்குப் பொருந்தாது என்றது. எந்த ரம்மிக்காகச் சட்டம் போட்டார்களோ அந்த ரம்மி வெளியே நின்று சிரித்தது.

சாயங்காலம் எங்கள் டர்னர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பட்டறையில் என்னைவிட சீனியர். அரை மைக்ரான் வித்தியாசத்தை விரலால் சொல்வார் என்று பெயர், கொஞ்சம் மிகைதான். பெண்ணின் காலேஜ் ஃபீஸ் பணம், மனைவியின் வளையல், சங்கத்தில் வாங்கிய கடன் என்று வரிசையாக ரம்மியில் விட்டவர். ஆப் மூடிவிட்டதாம், உள்ளே இருக்கும் மிச்சப் பணத்தை எடுத்துத் தரச் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"நிறுத்தலாம்னு நெனைக்கிறப்பல்லாம் ஒரு மெசேஜ் வரும் தம்பி. போனஸ் ஐநூறு, இன்னிக்கு மட்டும்னு. நான் எப்ப நிறுத்துவேன்னு எனக்கு முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

என் காசு, என் தலையெழுத்து என்பதுதான் நான் எப்போதும் சொல்கிற கட்சி. அதை இன்றும் விடவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு எதிரே இன்னொரு தனி மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும். திண்ணையில் சீட்டாடுகிற நாலு பேரில் ஒருவன் கெட்டிக்காரன், ஒருவன் ஏமாளி. நாலு பேருக்கும் தூக்கம் வரும். அண்ணன் ஆடியது தூங்காத ஒன்றோடு. யார் எந்த நேரத்தில் தளர்வார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் கம்பெனி, கோடி ரூபாய் நடிகர்கள், கிரிக்கெட் வீரர்களின் சட்டை, எல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்த ஒரு டர்னர். ஆன்லைன் சூதில் பணம் இழந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தமிழக அரசு நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னது. தனிமனித சுதந்திரம் பேசுகிறவன் அந்த எண்ணைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது. நானாக இருந்தால் விளம்பரத்தையும் போனஸையும் மெசேஜையும் வேரோடு வெட்டியிருப்பேன், விளையாட்டை விட்டிருப்பேன். "தடைதான் சரி" என்கிறார் அண்ணன் மனைவி. வளையலை இழந்தவர் அவர். அவரோடு நான் வாதாடவில்லை.

அரசோடு வாதாடுவேன். 2023 அக்டோபரில் இதே ஆட்டத்துக்குக் கட்டிய முழுத் தொகை மீதும் 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு வாங்கிப் பையில் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் விஷம் என்று தெரிந்ததா? இதில் மாநிலமும் சளைத்ததல்ல. 1968இல் பரிசுச் சீட்டு நடத்தியது நம் அரசே. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு விளம்பரம் வேறு. 2003 ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியை ஒழித்தார், குடும்பங்கள் அழிகின்றன என்று. அதே வருடம் நவம்பரில் சாராய சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. இரண்டிலும் நியாயம் சொன்னார்கள். இரண்டு நியாயத்தையும் ஒரே தட்டில் வைத்தால்தான் சிக்கல்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. காலை ஆறுக்கே ஸ்பீக்கர். குடியிருப்புச் சங்கத்தார் வசூலுக்கு வந்தார்கள், கொடுத்தேன். சுண்டல் நன்றாக இருக்கும். கூடவே புதிய கேட் செயலியைப் போனில் இறக்கச் சொன்னார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று எல்லாம் அதில் பதிவாகுமாம். என்னைப் பார்க்க அக்காவும் டர்னர் அண்ணனும்தான் வருவார்கள், அதை ஒரு சர்வருக்குச் சொல்வானேன்? "பாதுகாப்புக்குத்தான் சார்" என்றார் செயலாளர். எதையெல்லாம் பாதுகாப்பு என்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்ததும் நாட்டின் பாதுகாப்புக்குத்தான். அடுத்த ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது, 2022இல் மறுபடி மறைந்தது, 2023இல் திரும்பியது. நாடு அப்படியேதான் இருந்தது.

கம்பெனிகளையும் விட்டுவிட முடியாது. யூபிசாஃப்ட் 2024இல் "தி க்ரூ" என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டிலிருந்த வட்டுகூட வெறும் தட்டு ஆகிப்போனது. அதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்கிற யூடியூப்காரர் கிளப்பிய இயக்கம், விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கிவிட்டது. நான் ஐரோப்பியன் அல்ல, போட முடியவில்லை. முடிந்திருந்தால், வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போட்ட முதல் மனு அதுவாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 4, வியாழன்

சில்க்சாங்!

இந்த வாரம் முதல் ஷிஃப்ட், நல்ல வேளை. நம் நேரம் மாலை ஏழரைக்கு அந்த விளையாட்டை வெளியிட்டார்கள். ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் கடைகள் உலகம் முழுக்கத் திணறின என்று செய்தி. ஆஸ்திரேலியா அடிலெய்டில் உட்கார்ந்திருக்கும் டீம் செர்ரி என்கிற கைவிரல் எண்ணிக்கைக் குழு செய்த காரியம் இது. 2019இல் அறிவித்தார்கள், ஆறரை வருடம் ஊரே திட்டியது. அவசரப்படவில்லை, இடையில் புதிதாக எதையும் விற்கவில்லை, வேலையை ரசித்துச் செய்துகொண்டிருந்தோம் அதனால்தான் தாமதம் என்று சாவகாசமாகச் சொன்னார்கள். விலை இருபது டாலர். நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்து, எழுபது டாலருக்கு விற்று, மேலே ஆடைக்குத் தனிக் காசு கேட்கிற பெரிய கம்பெனிகள் இன்று ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தேன்.

அதன் நாயகி ஹார்னெட்டின் ஊசியோடு பாசி மூடிய குகையில் இறங்கினேன். முதல் பெரிய எதிரியான பாசித்தாயிடம் செத்தேன், மறுபடி செத்தேன். போனஸ் தருகிறேன் வா என்று அது மெசேஜ் அனுப்பவில்லை. வராவிட்டால் போ என்று அங்கேயே கிடந்தது. இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

நான்காம் தேதி நான் குகையில் இருந்தபோது நேபாள அரசு ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ் என்று 26 தளங்களைத் தடை செய்திருக்கிறது. எட்டாம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஒரே நாளில் 19 பேர் செத்தார்கள். ஒன்பதாம் தேதி பிரதமர் ஒலி பதவி விலகினார், நாடாளுமன்றக் கட்டிடம் எரிந்தது. தடைதான் தீக்குச்சி, ஊழலும் வேலையின்மையும் ரொம்ப நாளாகக் காய்ந்து கிடந்தன. நேற்று இரவு முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பொறுப்பேற்றார். அந்தப் பெயரைப் பிள்ளைகள் பேசி, வாக்கெடுத்து முன்வைத்தது டிஸ்கார்டில்.

டிஸ்கார்ட்! விளையாடும்போது ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கென்று 2015இல் வந்த செயலி. அதில் நானும் இருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவன் மைக்கை அணைக்காமல் சிப்ஸ் தின்பான். அங்கே ஒரு நாட்டின் பிரதமரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பட்டறைப் பையன்களுக்கு ஒரே உற்சாகம், இங்கேயும் வரணும் என்கிறார்கள். எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. அந்த அறைக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம். வயசு கேட்பாரில்லை, எந்த ஊர் என்று கேட்பாரில்லை. முடிவை உறுதி செய்தது கடைசியில் குடியரசுத் தலைவரும் ராணுவமும் உட்கார்ந்து பேசியதுதான். ஆனால் ஒன்று: குரல் வாக்கெடுப்பில் கூச்சலுக்கு நடுவே சட்டம் தாண்டுவதைவிட, சிப்ஸ் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொருவரும் வாய் திறந்து பேசியது தாழ்ந்ததா என்ன?

விஜய் இன்று திருச்சியில் பிரச்சாரத்தைத் தொடங்கினார். விமான நிலையத்திலிருந்து மரக்கடை போய்ச் சேர மணிக்கணக்கில் ஆனதாம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வைஷாலி நேற்று சாமர்கண்டில் மகளிர் கிராண்ட் ஸ்விஸ் சதுரங்கப் போட்டியை வென்றுவிட்டார், இரண்டாவது முறையாக. பாடியைச் சேர்ந்த பெண். முகப்பேரில் சதுரங்கத்தைப் பற்றி யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்; இங்கே ஆட்டோக்காரருக்குக்கூட ஈலோ புள்ளி தெரியும். வைஷாலி, பிரக்ஞானந்தா, மேல் அயனம்பாக்கம் பள்ளியில் படித்த குகேஷ் என்று எல்லாரும் இந்தச் சுற்றுவட்டாரம்.

போன மாதம்தான் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் சேலஞ்சர்ஸ் பிரிவில் வைஷாலி தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றார். இங்கேயே, சொந்த ஊரில். அன்று ஒரு தலைவரும் ட்வீட் போடவில்லை. ஏழு தோல்விக்குப் பிறகும் போய் மேசையில் உட்கார்வது இருக்கிறதே, அதற்கு மாநிலம், மதம், பள்ளி, கட்சி எதுவும் பங்கு கேட்க முடியாது. குகேஷின் விஷயமும் எனக்குப் பிடிக்கும். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, 2500 ஈலோ வருகிற வரை கணினி எஞ்சின் பக்கமே போக விடவில்லையாம். ஊரே எஞ்சினை வைத்துப் படித்தபோது ஒரு பையன் தன் மூளையாலேயே தப்புத் தப்பாக யோசிக்கப் பழகினான். பதினெட்டு வயதில் உலக சாம்பியன். இந்த கிராண்ட் ஸ்விஸில் அதே பையன் வரிசையாக மூன்று தோற்றான் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

இந்திய கிரிக்கெட் சட்டைக்கு இன்று புது விளம்பரதாரர் கிடைத்துவிட்டார், டயர் கம்பெனி. சஹாரா, பைஜூஸ், இந்தத் தடையில் அடிபட்ட ட்ரீம்லெவன் என்று அந்தச் சட்டையைத் தொட்டவர்களின் கதை நமக்குத் தெரியும். டயர் பாவம்.

மத்தியானம் டர்னர் அண்ணன் மெஷின் பின்னாலிருந்து கூப்பிட்டார். போனில் ஒரு பக்கம் திறந்திருந்தது.

"வெளிநாட்டு சைட்டாம் தம்பி. தடையெல்லாம் அங்க கிடையாதாம். ஒருத்தன் லிங்க் அனுப்பியிருக்கான்."

ஆடாதீங்க என்று சொல்வது என் வேலையில்லை. ஒன்றுதான் கேட்டேன். "ஜெயிச்சா காசை எங்க போய்க் கேப்பீங்க அண்ணே? எந்த ஊரு, எந்தத் தெரு?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"கேட்டுச் சொல்றேன்" என்றார்.