செம்மணற் பாலையில் ஒரு பகல்

பாலை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஐந்திணையுள் ஒன்றாக அதனை வகுப்பறையில் யாவரும் கற்றிருக்கின்றோம். குறிஞ்சியும் முல்லையும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து நிற்பதே பாலை என்று சிலப்பதிகாரம் கூறுவதையும் அறிவோம். ஆயினும், ஒரு மழை பெய்தவுடன் மீளத் தளிர்க்கும் அந்நிலம் வேறு. ஆண்டு முழுவதும் மணலும் பாறையுமாகவே கிடக்கும் பாலைவனம் வேறு. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில் நடந்தவர்கள் செம்மணலின் நிறத்தையும் அது காலை உள்ளிழுக்கும் தன்மையையும் அறிவர். அத்தேரியைப் பன்மடங்கு பெருக்கி, அதன் நடுவே ஆயிரம் கோபுரங்களை அடுக்கினாற்போல் மலைகளை நிறுத்தினால் எங்ஙனமிருக்குமோ அங்ஙனமிருப்பது ஜோர்டான் நாட்டின் தென்கோடியிலுள்ள வாதி ரம் என்னும் இடம்.

வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் இக்கல்லூரியின் பழைய மாணவர் சிலர் 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தோம். சிறுவர் இருவர் உட்பட யாங்கள் ஒன்பதின்மர். எங்களுள் மூத்தவர் ஒரு பள்ளியிற் கணிதம் கற்பிப்பவர். இளையவர் அவ்வாண்டுதான் பொறியாளராக வேலையில் அமர்ந்தவர். அவ்வொரு பகலில் யாங்கள் கண்டவற்றையும் கேட்டவற்றையும் இவ்விதழை வாசிப்போர்க்குக் கூறுதல் பயனுடையதாகுமென்று கருதி இதனை எழுதலானோம்.

செங்கடலின் கரையிலுள்ள அக்கபா நகரினின்று விடியற்காலையிற் புறப்பட்டு ஒரு மணி நேரத்தில் ரம் என்னும் சிற்றூரை அடைந்தோம். ஊரின் மேற்கே ரம் மலையும் கிழக்கே உம் இஷ்ரின் மலையும் 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தோடு மதில்கள்போல் நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே மணல் ஆறுபோல் நீண்டு கிடக்கின்றது. ஆறுபோல் என்று யாங்கள் கூறுவது வெற்றுவமையன்று. ‘வாதி’ என்னும் அரபுச் சொல்லுக்கு மழைக்காலத்தில் நீரோடும் பள்ளத்தாக்கு என்பதே பொருள். ஆண்டொன்றுக்கு 100 மில்லிமீட்டர் மழைதானும் பெய்யாத அந்நிலத்திற்கு ஆற்றின் பெயர் வாய்த்தது எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றிற்று. அப்பெயரின் உண்மை பிற்பகலில் விளங்கலாயிற்று.

அவ்வூரிலிருப்போர் பெதூயின் என்னும் பாலைவாழ் மக்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயது கடந்த முதியவர். திறந்த பின்புறத்தில் இருக்கைகள் அமைத்த இரண்டு பழைய டொயோட்டா வண்டிகளை அவருடைய மைந்தர் இருவர் ஓட்டினர். எங்களுள் அரபு மொழி அறிந்த ஒருவர் அம்முதியவரை ‘யா அம்மி’ என்று விளித்தார். அதற்குத் தந்தையின் உடன்பிறந்தாரே என்பது பொருள். அதனைக் கேட்ட எங்கள் சிறுமி, “அப்படியானால் எனக்கு இவர் தாத்தா முறையா?” என்று வினவினாள். பொருளை அறிந்த முதியவர் நகைத்துத் தலையசைத்தார். அன்று மாலைவரை அவள் அவரைத் தாத்தா என்றே அழைத்தாள். அவரும் அச்சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தார்.

தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குமிடத்தில் வண்டிகள் நின்றன. மைந்தர் இருவரும் இறங்கி டயர்களிலிருந்த காற்றிற் பாதியளவை வெளியேற்றினர். மணலிற் செல்வதற்கு இதுவே முதற்பாடம். காற்று நிறைந்த டயர் குறுகிய அடியோடு மணலைக் குடைந்து புதைந்துவிடும். காற்றுக் குறைந்ததோ தளர்ந்து அகன்று, ஒட்டகத்தின் பாதம்போல் மணலின்மேற் பரந்து படியும். மேட்டில் ஏறும்போது நடுவில் வேகத்தைக் குறைத்தலாகாது. சரிவிற் குறுக்காகச் செல்லுதலும் ஆகாது, கவிழ்ந்துவிடும். நேரே ஏறி நேரே இறங்குதல் வேண்டும். இருமுறை வண்டி புதையவே, மண்வாரியால் மணலை அகற்றிப் பலகையைக் கீழே செருகி மீட்டனர். மூன்றாம் முறை மேட்டினின்று இறங்கியபொழுது சிறுவர் மகிழ்ந்து கூவினர். பெரியோர் இருக்கையின் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு மௌனமாயிருந்தனர்.

முதலிற் கண்டது ஒரு சுனை. ரம் மலையின் சரிவிற் பசுமை ஒரு கோடிட்டாற்போற் படர்ந்திருந்தது. வேறெங்கும் காணாத பசுமை அங்கே மட்டும் எவ்வாறு வந்ததென்று வினவினோம். அம்மலையின் அடிப்பகுதி நீர் புகாத கருங்கல். அதன்மேல் எழுந்து நிற்பது ஏறக்குறைய ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணற்கல். அருமையாகப் பெய்யும் மழை மணற்கல்லினுள் மெல்ல ஊறி இறங்குகின்றது. கருங்கல்லை எட்டியதும் கீழே செல்ல வழியின்றி, இரண்டும் கூடுமிடத்திற் பக்கவாட்டில் கசிகின்றது. அந்நீரை நம்பியே மக்களும் ஆடுகளும் ஒட்டகங்களும் அங்கே வாழ்ந்து வந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெத்ரா நகரை ஆண்ட நபத்தேயர் அச்சுனை நீரைக் கால்வாய் வெட்டிக் கீழேயிருந்த தங்கள் கோயில்வரை கொணர்ந்தனர். கல்லில் வெட்டிய அவ்வாய்க்காலை விரலால் தடவிப் பார்த்தோம். நீர் ஒரு சொட்டும் வீணாகாதபடி மட்டம் பார்த்து வெட்டிய கைகளை எண்ணி வியந்தோம்.

அங்கிருந்து அபு கஷபா என்னும் மலையிடுக்கிற்குச் சென்றோம். வண்டிகள் எங்களை ஒரு வாயிலில் இறக்கிவிட்டு, மலையைச் சுற்றி மறு வாயிலிற் காத்திருக்கச் சென்றன. முதியவர் முன்னே நடக்க, யாங்கள் ஒருவர்பின் ஒருவராக உட்புகுந்தோம். வெளியே கண்கூசும் வெயில்; உள்ளே கல்மண்டபத்தின் குளிர்ச்சி. இருபுறமும் செங்குத்தாக எழுந்த பாறைகள் மெழுகு உருகி வழிந்தாற்போல் மடிப்பு மடிப்பாக நின்றன. சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் வரிவரியாக அவற்றில் ஓடின. பேசிய சொல் நான்குமுறை திரும்பி வந்தது. அதனால் யாங்களே பேச்சைக் குறைத்துக்கொண்டோம்.

நடுவழியில் முதியவர் நின்று மேலே சுட்டிக் காட்டினார். எங்கள் தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில், பாறையின் வெடிப்பிலே காய்ந்த சுள்ளிகள் திணித்து வைத்தாற்போற் செருகிக் கிடந்தன. பறவையின் கூடு என்று சிறுவன் கூறினான். “நீர் வைத்தது” என்றார் முதியவர். வேறொன்றும் கூறாமல் மேலே நடந்தார். காலடியிலிருந்த மணலோ பொடி பறந்துகொண்டிருந்தது.

நிற்க. நண்பகலுணவுக்குப் பின்னர்க் கஸாலி மலையின் பிளவுக்குச் சென்றோம். வாதி ரம்முக்கு வருவோர் காணாது திரும்பாத இடம் அது. மிகக் குறுகிய அப்பிளவின் சுவர்களில் மனிதவுருவங்களும் பாத வடிவங்களும் பழைய எழுத்துக்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அப்பாதங்களோடு தன் பாதத்தை அளந்து பார்க்கவேண்டுமென்று சிறுமி காலையிலிருந்து கூறிக்கொண்டிருந்தாள். வண்டியினின்று இறங்கினோம். தலைக்கு மேல் வானம் நீலமாயிருந்தது. முதியவர் மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்று மேற்றிசையை நோக்கினார். அங்கே மிகத் தொலைவில், மலைகளுக்கு அப்பால், கரிய கோடொன்று தெரிந்தது. அவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “இன்று உள்ளே செல்லவேண்டா” என்றார்.

இளைஞராகிய பொறியாளர்க்கு இது பொறுக்கவில்லை. ஆண்டிற்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறை. மீண்டும் வருவோமா என்பது ஐயம். “மேகம் அவ்வளவு தொலைவில் இருக்கின்றதே! மழை நிச்சயமாக வருமா என்று கேளுங்கள்” என்றார். அரபு அறிந்த நண்பர் அதனை மொழிபெயர்த்தார். முதியவர் அமைதியாக விடை கூறினார்: “மேகம் அங்கே, நீர் வருவது இங்கே. வருமோ வராதோ, அறியேன். அறியாமையினாற்றான் உள்ளே விடேன்.”

நம் நாட்டிற் குற்றாலத்தை அறிந்தோர்க்கு இது விளங்கும். கீழே வெயிலடிக்க, மேலே மலையிற் பெய்த மழை நொடிப்பொழுதில் அருவியைப் பெருக்குவதுண்டு. நம் மலைகளிலாவது மரமும் மண்ணும் ஓரளவு நீரை உண்டு தேக்குகின்றன. பாலையின் பாறைகளிலோ புல்லில்லை, மண்ணில்லை. ஊறி இறங்குவதற்கு அவகாசமில்லாமற் கொட்டும் பெருமழை பாறைமேல் வழிந்தோடி, பல சரிவுகளின் நீரும் ஒன்றுகூடி, மிகக் குறுகிய பிளவுக்குள் பாய்கின்றது. அகலத்திற் பரவ இடமில்லாத வெள்ளம் உயரத்திற் பெருகுகின்றது. காலையிற் சுனையாய்க் கசிந்த நீரும் மாலையிற் பிளவை நிரப்பக்கூடிய நீரும் ஒரே மழையின் இரு பிள்ளைகளே.

இது வெறும் அச்சமன்று என்பதற்கு அந்நாட்டின் அண்மை வரலாறே சான்று. 1963-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெத்ராவின் நுழைவாயிலாகிய சீக் என்னும் இடுக்கிற் பாய்ந்த வெள்ளத்தில் பிரெஞ்சு நாட்டுப் பயணிகள் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். நபத்தேயர் தம் காலத்திலேயே அவ்வாயிலில் அணை கட்டி, மலையைக் குடைந்து வெள்ளத்தை வேறு வழியில் திருப்பியிருந்தனர். அவர் அணை அழிந்துபோன பிறகு நேர்ந்த இத்துயரத்திற்குப் பின்னரே புதிய அணை எழுந்தது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் சாக்கடலுக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்தபொழுது இறந்தோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் பள்ளியிலிருந்து உல்லாசப் பயணம் வந்த பிள்ளைகள். அடுத்த மாதத்திலேயே பெத்ராவினின்று ஆயிரக்கணக்கான பயணிகள் வெள்ளத்திற்கு அஞ்சி வெளியேற்றப்பட்டனர்.

எங்களுள் மூத்தவராகிய ஆசிரியர் இவற்றை அறிந்திருந்தார். அவர் இளைஞரை நோக்கி, “தம்பி, இவர் நம்மிடம் கூலி பெறுபவர். கஸாலியைக் காட்டினால் நாம் மகிழ்ந்து மிகுதியாகவும் கொடுப்போம். காட்டாவிட்டால் குறைத்துக்கொள்வோமோ என்னும் ஐயமும் அவருக்கு இருக்கும். தம் வரும்படிக்கு மாறாக ஒருவர் ஒரு சொல்லைச் சொன்னால், அதற்கு நிறை மிகுதி. கேட்டுக்கொள்வோம்” என்றார். இளைஞர் பிளவின் வாயிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னர், “சரி, ஐயா” என்று கூறி வண்டியில் ஏறினார். சிறுமியின் கண்கள் மட்டும் நிறைந்திருந்தன.

அதனை முதியவர் கண்டார் போலும். வண்டிகளை அன்ஃபாஷிய்யா என்னுமிடத்திற்குத் திருப்பச் செய்தார். அங்கே எழுத்துக்கள் இடுக்கினுள் இல்லை. திறந்த வெளியில், மலையின் முகத்திலேயே இருக்கின்றன. ஒட்டகங்கள் நிரைநிரையாகச் செல்லும் உருவங்களும், அவற்றினருகே தமூதியம் என்று அறிஞர் பெயரிட்ட பழைய எழுத்தும், நபத்தேயர் எழுத்தும் கண்டோம். வாதி ரம்மில் இத்தகைய பாறைச் சித்திரங்கள் 25,000. எழுத்துப் பொறிப்புகள் 20,000. பன்னீராயிரம் ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்த அடையாளம் அங்குண்டு. 2011-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதற்கு இயற்கையெழிலோடு இவையும் காரணமாயின. செவ்வாய்க் கிரகத்தைக் காட்டவேண்டுமென்று திரைப்படக்காரர் தேடிச் செல்லும் இடம் அது; மனிதர் வாழாத உலகம்போல் அது தோன்றுவதே காரணம். ஆயின் பாறையை அணுகினால் அங்கே எழுதாத இடம் அரிது. வழிப்போனவர் தம் பெயரையும் தம் ஒட்டகத்தின் உருவையும் பொறித்துச் சென்றிருக்கின்றனர். பாலை வெறுமையானது என்னும் எண்ணம் எங்களை விட்டு அகன்றது.

முதியவர் ஒரு புதரின் உலர்ந்த வேரைக் கொளுத்தி, நறுமணமுள்ள இலையும் மிகுந்த சர்க்கரையும் இட்டுத் தேநீர் காய்ச்சினார். சிறுமிக்கு முதற்கோப்பையைக் கொடுத்து, மணலில் அவள் பாதத்தைப் பதிக்கச் செய்து, அதனருகே தம் விரலால் மற்றொரு பாதத்தை வரைந்து காட்டினார். அவள் நகைத்தாள். அதுகாறும் ஒரு துளி மழையும் எங்கள்மேல் விழவில்லை. இளைஞர் வானத்தைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை.

பொழுது சாயும் வேளையில் ஊருக்குத் திரும்பினோம். காலையிற் கடந்த ஒரு பள்ளத்தை அணுகியதும் வண்டி நின்றது. காலையில் எங்கள் சக்கரங்கள் பதித்த தடம் அங்கே இல்லை. மணல் ஒரு சாண் ஆழம்வரை நனைந்து கறுத்திருந்தது. ஓரத்தில் நுரை உலர்ந்து கோடாகக் கிடந்தது. நீர் வந்ததும் போனதும் எங்களுக்குத் தெரியாது. சிறு நீரே, முழங்காலளவும் இருந்திராது. கஸாலியின் பிளவுக்கு நீர் வந்ததோ இல்லையோ, அதனையும் யாங்கள் அறியோம். முதியவர் இறங்கி ஈர மணலைக் கையால் அள்ளிப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனைப் புகழ்ந்தார். தம் சொல் மெய்யாயிற்று என்னும் பெருமை அவர் முகத்தில் இல்லை. ஆடுகளுக்குப் புல் முளைக்குமென்னும் மகிழ்ச்சியே இருந்தது.

நம் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் மலைக்கும் அருவிக்கும் ஆற்றுக்கும் கூட்டமாகச் செல்கின்றனர். அவர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். செல்லுமிடத்தில் ஆடு மேய்ப்பவரோ, படகு தள்ளுபவரோ, காட்டிலாகாக் காவலரோ ‘இன்று வேண்டா’ என்று கூறுவாராயின், காரணம் நிறுவுமாறு அவரை நெருக்காதீர்கள். வெள்ளம் வராத நாட்களிலும் அச்சொல்லைக் கேட்டுத் திரும்புங்கள். அத்தகைய நாட்களே பலவாயிருக்கும். திரும்பியது வீண் என்றும் அப்பொழுது தோன்றும். வந்த நாளை மட்டும் யாராலும் முன்னறிந்து தேர்ந்தெடுத்தல் இயலாது.

எங்கள் சிறுமி இன்னும் கஸாலியைக் காணவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவள் இப்பொழுதே நாளெண்ணத் தொடங்கியிருக்கின்றாள்.