மேகசினில் வேலை பார்க்கும் அத்தா



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் மக்தபிற்கு வந்த மாணவன் ஒருவன், ஓதலில் மனம் ஒன்றாமல் அமர்ந்திருந்தான். காரணம் வினவினோம். பள்ளிக்கூடத்தின் ஆங்கிலத் தேர்வில் மேகசின் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருக்கிறார்கள். இவன் ‘வெடி வைக்கும் அறை’ என்று எழுத, வார இதழ் என்பதே சரி என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்களாம்.

“எங்க அத்தா மேகசின்லதான் ஹஜ்ரத் வேலை பார்க்குறாங்க. அங்க புத்தகமே கிடையாது” என்றான்.

சாத்தூர், சிவகாசி வட்டாரத்துப் பிள்ளை வேறு எதை எழுதுவான்? பட்டாசு ஆலையில், ஆட்கள் வேலை செய்யும் அறைகளுக்கு எட்டத்தில், இடிதாங்கியோடு தனித்து நிற்கும் கட்டடமே இங்கு மேகசின். 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் அப்பெயரையே ஆள்கின்றன.

அச்சொல் நம் பாடத்திலேயே இருக்கிறது என்றோம். எழுதும் இடம் மக்தப், சமைக்கும் இடம் மத்பக். அதே வாய்பாட்டில் சேமிக்கும் இடம் மக்ஸன். அதன் பன்மையான மகாஸின், இத்தாலியரிடம் மகத்ஸீனோ ஆகி, பிரெஞ்சு வழியே பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. அன்று அதற்குக் கிடங்கு என்றே பொருள். 1731இல் இலண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர், செய்திகளின் கிடங்கு என்ற கருத்தில் தம் இதழுக்கு ‘தி ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ எனப் பெயரிட்ட பிறகே அது இதழையும் குறிக்கலாயிற்று. ஆக, மாணவன் எழுதியதே மூத்த பொருள். நாம் நாள்தோறும் சொல்லும் கஜானாவும் இதே வேரில் பிறந்ததுதான். (குடோன் என்ற ஆங்கிலச் சொல்லோ நம் கிடங்கிலிருந்து மலாய் வழியாகப் போனது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுவர்.)

அரபியின் பெருமையைச் சொல்லி முடித்த நிறைவில் நாம் இருந்தபோது, அவன் கேட்டான்: “பத்திரமா வைக்கிற இடம்னா, அத்தாவும் பத்திரமா இருப்பாங்கதானே ஹஜ்ரத்?”

உடனே விடை வரவில்லை. 2021 பிப்ரவரி 12, ஒரு வெள்ளிக்கிழமை. அச்சங்குளத்து ஆலை வெடிவிபத்தில் பல குடும்பங்கள் சிதைந்ததை இவ்வூர் மறக்கவில்லை.

பூமியின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு யூஸுஃப் நபி (அலை) மன்னரிடம் கேட்டபோது, தம் தகுதியாக இரண்டைச் சொன்னார்கள் (12:55): ஹஃபீழ், பாதுகாப்பவர், அலீம், அறிந்தவர். அங்கே சொல்லப்படும் களஞ்சியங்கள், கஸாயின், மக்ஸனுக்கு உடன்பிறந்த சொல். உரிமத்தில் குறித்த அளவை மீறிச் சரக்கை அடுக்கச் சொல்பவரிடம் இவ்விரண்டில் எது இருக்கிறது? அது அமானித மோசடி என்பதே நம் கருத்து. தொழுகையாளியாக இருந்தாலும் சரி.

மஃரிபுக்குப் பின் மகனை அழைத்துச் செல்ல வந்த அத்தாவிடம் அவன் கேள்வியைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் நின்றார். “தீபாவளி நெருங்குது ஹஜ்ரத். ஐம்பது பெட்டி கூட வைக்கச் சொல்றாங்க. நாளைக்கு முடியாதுன்னு சொல்லப்போறேன். துஆ செய்ங்க” என்றார்.

செய்தோம். நீங்களும் செய்யுங்கள்.