ஒரு சோறு பதமாகுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., புள்ளியியல்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர் நம் முன்னோர். அதை நம்பித்தான் நானும் ஓர் ஆய்வுக்குத் திட்டமிட்டேன். பனியன் கம்பெனித் தம்பதியர் ஒரே ஷிப்டில் இருந்தால் மனநெருக்கம் மிகுமா? வெவ்வேறு ஷிப்டில் இருந்தால் குறையுமா? இதுவே என் கேள்வி.

முதற்சிக்கல், எத்தனை பேரைக் கேட்பது? உஷா குப்தா, புஷ்பா சிங் என்னும் ஆய்வாளர்கள் ஜெய்ப்பூரில், பெரியோர் பார்த்து முடித்த திருமணத்தையும் காதல் திருமணத்தையும் ஒப்பிட்டு 1982-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கேட்டது 50 தம்பதியரை. 'நமக்கும் அது போதுமே' என மகிழ்ந்தேன்.

பேராசிரியரோ கணக்குப் போடச் சொன்னார். வழக்கமான 5 விழுக்காட்டுப் பிழை வரம்பில், நடுத்தர வேறுபாட்டை நூற்றுக்கு 80 முறை கண்டறியக் குழுவுக்கு 64 வேண்டும். வேறுபாடு சிறியதாயின் குழுவுக்கு ஏறத்தாழ 400! கணவன் விடையும் மனைவி விடையும் ஒன்றையொன்று சார்ந்தவை; ஆதலால் இருவரையும் சேர்த்து ஒன்றென்றே எண்ண வேண்டும்.

கையில் அலைபேசி இருக்க ஆளுக்கா பஞ்சம்? கூகுள் படிவமொன்றை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் இருநூறு விடைகள்! அம்மாவிடம் பெருமையடித்துக் கொண்டேன்.

"எனக்கு அனுப்புனியா கண்ணு?" என்றார் அம்மா.

திகைத்து நின்றேன். செக்கிங் வேலைக்குப் போகும் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அப்பாவுக்கு நிட்டிங்கில் இரவு ஷிப்ட். இருவரும் உட்கார்ந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அவர்களைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியே பிறந்தது. என் கணக்கில் அவர்களே இல்லை! விடைகளைப் புரட்டினேன். பெரும்பாலோர் அலுவலகப் பிரிவினர். டைலர், கைமடிப் பெண்கள் ஏழே பேர்.

அம்மா சொன்னார்: "பையர் ஆளு வந்தா நாம எடுத்துக் குடுக்கற பெட்டியவா பிரிக்கறாரு? அவரே ஒரு நெம்பரச் சொல்லி, அடியில கெடக்கறத எடுக்கச் சொல்லுவாரு. நாம குடுத்தா நல்ல பீசாப் பாத்துத்தான குடுப்போம்?"

பாடநூல் கூறும் பாடமும் அதுவன்றோ! 1936 அமெரிக்கத் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேல் விடை பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தோர் பட்டியல்களைப் பெரிதும் நம்பியதும், விருப்பமுள்ளோர் மட்டுமே விடையளித்ததும் அவ்விதழைக் கவிழ்த்தன.

படிவத்தை நிறுத்திவிட்டேன். இனி, திருமுருகன்பூண்டி லைன் வீடுகளுக்கு எண்ணிட்டுச் சீட்டுக் குலுக்கி, ஞாயிறுதோறும் நேரில் செல்வேன். சம்மதம் பெற்று, பெயர் எழுதாமல், கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்பேன். குழுவுக்கு 64 தம்பதியர் சேர மாதங்கள் ஆகலாம், ஆகட்டும்.

நண்பர்களே, நன்றாகக் கிளறிய பானைக்கே ஒரு சோறு பதம். மேலாக அள்ளியது எத்தனை கரண்டியானாலும், அடிச்சோற்றின் கதையை அது சொல்லாது.

எங்கள் வீட்டுக்குச் சீட்டு விழுமா, தெரியாது. விழாவிட்டாலும் ஒரு ஞாயிறு என் பெற்றோரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பேன், கணக்கிற்காக அன்று. இருபது வயதுவரை கேட்கத் தோன்றவில்லையே என்பதற்காக!