தெற்குச் சாலைகள் – 6: மாட்டுத்தாவணிக்கு அப்பால்

தாவணி என்றால் மதுரைப் பக்கத்தில் மாடு கூடும் சந்தை. சந்தையின் பெயரைச் சுமந்துகொண்டு 1999 முதல் பேருந்து நிலையமாக இருக்கிறது மாட்டுத்தாவணி. நாகர்கோவில், தூத்துக்குடி வண்டிகள் வந்து நிற்கும் விடியற்காலையில், கேஸ் கட்டைத் துணிப்பையில் வைத்து மார்போடு அணைத்தபடி இறங்குகிறவர்களைக் காணலாம். மேலூர் சாலையில் ஆனைமலை கண்ணில் படத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அவர்கள் தேடிவந்த சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004 ஜூலை 24 அன்று, 13 மாவட்டங்களுக்காகத் திறக்கப்பட்டது. அதுவரை கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் மனுவுக்கு எழுநூறு கிலோமீட்டர் போய்ச் சென்னையில் தங்க வேண்டும். எந்தக் குறை வழக்காகும், எது மனசுக்குள்ளேயே கிடந்து மக்கும் என்பதில் தூரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

கீழடி அகழாய்வில் எடுத்த பொருட்களை மைசூருக்குக் கொண்டுபோகவிருந்த 2016இல், வழக்கறிஞர் கனிமொழி மதி இங்கேதான் பொதுநல வழக்குப் போட்டுத் தடை வாங்கினார். தூத்துக்குடியில் திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிய மறுத்தார்கள். இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இங்கே தீர்ப்பளித்தார். சாதாரணத் தம்பதி ஒரு பதிவு அலுவலகத்தின் மறுப்பை எதிர்த்து நின்றதில் நாடு முழுவதற்கும் ஒரு வெளிச்சம் கிடைத்தது. காணொலி விசாரணை வந்த பிறகு தூரம் ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். வக்கீலுக்கு அது சரி. பட்டாவையும் பழைய பத்திரத்தையும் விரித்து வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டிய கட்சிக்காரருக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு இதே சாலையில், மேலூரைத் தாண்டி இருக்கிறது. தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையில் அதிகாரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸை மறித்து, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கு சேலத்தில் நடந்தது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதிமன்றம் பக்கத்தில் இருந்தால் மிரட்டலும் பக்கத்தில்தான் இருக்கும், தள்ளி நடந்ததால்தானே சாட்சிகள் வாய் திறந்தார்கள் என்பது நியாயமான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். சாதி ஆதிக்கம் உள்ள ஊரில் கூண்டேறுகிறவருக்குத் தூரமே சில நேரம் காவல். ஆனால் அந்தத் தூரத்தின் செலவைச் சுமந்தவர்கள் யார்? கூலி வேலையை விட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிளம்ப வேண்டியிருந்த சாட்சிகள். சாட்சியைக் காப்பாற்றுவது அரசின் கடமை. அது செய்யப்படாத இடத்தில் கிலோமீட்டர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அதை நெருக்கத்தின் குறையாக எண்ணுவது தவறு. தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுவித்தபோது, வழக்கறிஞர் பொ. இரத்தினம் அதை எதிர்த்து வந்து நின்ற இடம் இந்தக் கிளைதான். முருகேசன் கடைசியாக ஊர் திரும்பியதும் இந்த மேலூர் சாலை வழியாகத்தான்.