பாகூரிலிருந்து துலூஸ்

பிரான்ஸின் துலூஸுக்கு வந்து மூணு மாசம் ஆகப்போகுது. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருக்கும் அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "நேரத்தைப் போயி யாருடா மாத்துவாங்க?" இப்போது நாலரை மணி வித்தியாசம். அவர் ராத்திரிச் சோறு முடித்துக் கூப்பிடும்போது நான் வகுப்பில்.

இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிய வேண்டும். கடைசி வாரத்தில்தான் பதிந்தேன் (அம்மாவிடம் சொல்லாதீர்கள்).

பாகூர் ஏரிக்கரையில் திரிந்தபோது உறைக்காத ஒன்று இங்கே உறைக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூர் வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்ததாகச் செப்பேடு சொல்கிறது. அன்றைக்கு வெளியூர்ப் பையன்கள் நம்மூரில் வந்து தங்கியிருப்பார்கள். அவர்களுக்கும் முதல் மாதம் சோறு இறங்கியிருக்காது.

அம்மா கொடுத்தனுப்பிய மிளகாய்ப்பொடி பாதிக்கு வந்துவிட்டது.