கோவிலம்பாக்கத்துக்கு அனுப்புவதில்லை

கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் நோக்கிச் செல்லும் பிரதான சாலையில், நட்ட நடுவே எழும்பி நிற்கும் மெட்ரோத் தூண்களுக்கு இருபுறமும் தண்ணீர் லாரியும் பள்ளிக்கூட வேனும் ஷேர் ஆட்டோவும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில், கோவிலம்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி என்னைத் தொலைபேசியில் அழைத்து, யாதொரு பீடிகையும் இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நம்ம கடை எந்த ஊருல இருக்கு?”

“கோவிலம்பாக்கத்துலதான், அண்ணாச்சி.”

“உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. நீங்க பண்ணிக் குடுத்த மிஷினுக்குத் தெரிய மாட்டேங்குதே! பத்து வீடு தள்ளி இருக்கிற டீச்சரம்மா அரிசிக்கு ஆர்டர் போட்டா, ‘உங்கள் பகுதிக்கு அனுப்புவதில்லை’ன்னு வருதாம். கடைக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போறாங்க.”

மிஷின் என்று அவர் குறிப்பிட்டது, மூன்று மாதங்களுக்கு முன் நான் பிஎச்பி மொழியில் எழுதிக் கொடுத்திருந்த ஒரு சிறு ஸ்கிரிப்ட். வாடிக்கையாளர் தம் விலாசத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தட்டச்சு செய்து அனுப்பினால், கடைப் பையன் வண்டியில் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய ஊர்களில் ஏதேனும் ஒன்றின் பெயர் அந்த விலாசத்துக்குள் தென்படுகிறதா என்று அது தேடிப் பார்க்கும். தென்பட்டால் அந்த ஊருக்குரிய கூலியைக் கணக்கில் சேர்த்து ஆர்டரை ஏற்றுக்கொள்ளும். தென்படாவிட்டால் மேற்படி வாசகத்தைக் காட்டிக் கைகூப்பிவிடும். இவ்வளவு சாமானியமான காரியத்தில் பிழை நேர்வதற்கு இடமே இல்லை என்பது அன்று மாலை வரையில் என்னுடைய அபிப்பிராயமாக இருந்தது.

சர்வரில் ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கோயிலில் பிரசாதம் வாங்குகிறவனுக்குப் புளியோதரையில் உப்பு இல்லை என்பது மாத்திரம் தெரியுமே ஒழிய, உப்பைப் போட மறந்தார்களா, போட்டது கரையவில்லையா, அல்லது மடைப்பள்ளிக்கு உப்பே வந்து சேரவில்லையா என்பது எப்படித் தெரியாதோ, அப்படியே எங்கோ ஓர் ஊரின் குளிரூட்டிய அறைக்குள் ஓடி முடிந்து, அதன் பலன் மட்டும் நம் கைப்பேசித் திரையில் வந்து விழுகிற இந்த ஸ்கிரிப்டுகளிலும், கோளாறின் விளைவு கண்முன் நிற்குமே தவிர அதன் பிறப்பிடம் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. பெரும்பாலும் வெள்ளைப் பக்கம் ஒன்றுதான் வரும். எழுத்தில்லை, எச்சரிக்கை இல்லை, வெறும் வெள்ளை. பொதுஜனத்துக்குப் பிழைச் செய்திகளைக் காட்டக் கூடாது என்று சர்வரில் மூடி வைத்திருப்பார்கள், அது நியாயமும்கூட. அந்த வேளையில் எரர் லாக் என்ற கோப்பைத் திறந்து அதன் கடைசி வரியைப் படிப்பதை விட்டுவிட்டு, ஸ்கிரிப்ட் முழுவதையும் மேலிருந்து கீழாகக் குடைந்து பார்க்கிறவர்கள் அநேகர். நானும் ஆரம்ப காலத்தில் அந்த ஜாதிதான்.

லாக் சொல்வதையும் அப்படியே நம்பிவிடலாகாது. 42-ஆம் வரியில் பிழை என்று அது அடித்துச் சொல்லும். அந்த வரியில் ஒரு குறையும் இராது. 41-ஆம் வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்திருப்போம். வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று எண்ணி அடுத்த வரிக்குள் நுழைந்த பிறகுதானே பிஎச்பிக்குச் சந்தேகமே உதிக்கிறது! பாஷையே புரியாத செய்தியும் வந்ததுண்டு, அதற்கொரு சரித்திரமும் உண்டு. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், இணையத்தில் தாம் வைத்திருந்த சுயவிவரப் பக்கத்தை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கணக்கெடுப்பதற்காக 1994-இல் எழுதத் தொடங்கி, 1995 ஜூனில் ஊரறிய வெளியிட்ட சில்லறைக் கருவிகள்தாம் பின்னால் பிஎச்பி என்ற மொழியாக வளர்ந்தன. அதைப் புதுப்பித்து எழுதிய ஜீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் என்ற இரு இஸ்ரேலியர்கள், அடுத்தடுத்து வரும் இரண்டு முக்காற்புள்ளிகளுக்குத் ஹீப்ரு மொழியிலேயே ஒரு பெயரிட்டு வைக்க, அந்தக் குறியை இடம் தவறிப் போட்டவர்களுக்கெல்லாம் ‘பாமாயிம் நெக்குதோத்தாயிம்’ என்றொரு மந்திரம் பிழைச் செய்தியாக வந்துகொண்டிருந்தது. முதன்முதலில் அதைக் கண்டபோது, சர்வரில் யாரோ விஷமி புகுந்துவிட்டான் என்று பயந்து நான் பாஸ்வேர்டையெல்லாம் மாற்றினேன்.

தமிழில் எழுதுகிறவனுக்கு வரும் உபத்திரவங்களோ தனி ரகம். விண்டோஸோடு வரும் நோட்பேடில் தமிழ் கலந்த ஒரு கோப்பை யூடிஎஃப்-8 என்று சேமித்தால், 2019 வரையில் அது நம்மைக் கேளாமலே கோப்பின் தலைமாட்டில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டுகளைச் சேர்த்து வைக்கும். ஸ்கிரிப்ட் வாயைத் திறக்குமுன்பே அந்த மூன்றும் வாசலைத் தாண்டிப் போய்விடுவதால், குக்கீ முதலிய ஹெடர் தகவல்களை இனி அனுப்ப முடியாது என்று சர்வர் முரண்டு பிடிக்கும். டேட்டாபேஸின் கதை இன்னும் மோசம். 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான என்கோடிங் லத்தீன் எழுத்துக்கே உரியதாக இருந்தபடியால், இதைக் கவனியாமல் தமிழைக் கொண்டுபோய்ப் போட்டவர்களுக்குக் கேள்விக்குறிகளே திரும்பி வந்தன. அண்ணாச்சி கடையிலேயே, சரக்கின் பெயர் சீட்டில் நீளாமல் இருக்கட்டும் என்று இருபதோடு வெட்டச் சொல்லியிருந்தேன். அந்த இருபது எழுத்துக் கணக்கன்று, பைட் கணக்கு என்பதை மறந்துவிட்டேன். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் ஆதலால், நல்லெண்ணெய் ‘நல்லெண’ என்று குற்றுயிராக நின்று, அதன் வாலில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறியும் முளைத்திருந்தது. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடியதால், விடியற்காலை 5 மணிக்குக் கேட்ட பால் முந்தின நாள் இரவு 11.30 கணக்கில் ஏறிய கதையும் உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு டீச்சரம்மாவிடம் வருகிறேன்.

அன்றிரவே உட்கார்ந்து சோதித்தேன். ஊர்ப் பட்டியலைத் திறந்து, கோவிலம்பாக்கம் என்ற பெயரை அதிலிருந்தே நகலெடுத்து, ஆர்டர் பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன், ஆட்சேபமின்றி ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பார்த்தேன், அதுவும் தேறியது. ஆகவே, என் ஸ்கிரிப்ட் குற்றமற்றது, டீச்சரம்மாதான் ‘கோயிலம்பாக்கம்’ என்று எழுதியிருக்க வேண்டும் என்று தீர்ப்பு வழங்கி, எதற்கும் இருக்கட்டுமென்று பட்டியலில் இருந்த பெயரை இன்னொரு முறை நகலெடுத்து, ‘வி’யை அழித்து ‘யி’யை இட்டு, அதையும் சேர்த்துவைத்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலையிலும் டீச்சரம்மாவுக்கு அதே பதில்தான் வந்தது.

பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். நிராகரிக்கப்படும் விலாசங்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும்படி ஸ்கிரிப்டுக்கு உத்தரவிட்டு, இரண்டு நாள் காத்திருந்தேன். தமிழில் விலாசம் எழுதியவர்களில் மடிப்பாக்கத்துக்காரர்களும் நன்மங்கலத்துக்காரர்களும் மேடவாக்கத்துக்காரர்களும் வேளச்சேரிக்காரர்களும் சுகமாக உள்ளே போயிருந்தார்கள். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் மூன்று ஊர்க்காரர்கள்: கோவிலம்பாக்கம், எஸ். கொளத்தூர், சோழிங்கநல்லூர். தூரம் காரணமன்று, பெயரின் நீளம் காரணமன்று, முதலிரண்டும் கூப்பிடு தூரத்தில் உள்ளவை. வெகுநேரம் அந்த மூன்று பெயர்களையும் கண்ணால் உற்றுப் பார்த்து ஒன்றும் புலப்படாமல், கடைசியில் சலிப்பில் வாய்விட்டுப் படித்தேன். கோ, கொ, சோ. மூன்றும் ஒகர ஓகாரத்தில் அல்லவா தொடங்குகின்றன!

உடனே இரண்டு கோவிலம்பாக்கங்களின் நீளத்தையும் அளந்து காட்டச் சொன்னேன். டீச்சரம்மா எழுதியது 42 பைட். என் பட்டியலில் இருந்தது 45. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. எழுத்துரு ஒன்று, வளைவு ஒன்று, ஒரு நூலிழை பேதமும் இல்லை.

இலக்கணப்படி எண்ணினால் இந்த ஊரின் பெயருக்கு எழுத்து எட்டே. யூனிகோடு முறைப்படி, அகரமேறிய மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலின் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 42. கூடுதலாக 3 பைட் எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, ஆரம்பப் பள்ளியில் சிலேட்டில் எழுதிப் பழகிய ‘கோ’வில் இருக்கிறது. முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு ஒரு கால். தொல்காப்பியர் காலத்தில் குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைத்துத்தான் நெடிலிலிருந்து பிரித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தாம் நெடிலுக்கு இரட்டைக் கொம்பை வழங்கினார் என்பார்கள். எப்படியாயினும், ஓகாரக் குறி கண்ணுக்கு இரண்டு துண்டு. யூனிகோடு இந்த இரண்டு துண்டையும் சேர்த்து ஒரே குறியாக வைத்திருக்கிறது. கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் அடுத்தடுத்து இட்டாலும் அதுவும் அதே எழுத்துத்தான் என்றும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கைப்பேசி விசைப்பலகை தருவது முதல் வகை. என் பட்டியலில் இருந்தது இரண்டாம் வகை.

அது எப்படி அங்கே வந்தது? அண்ணாச்சியின் விலைப் பட்டியலும் ஊர்ப் பட்டியலும் பல வருஷங்களாக ஒரு டிடிபி கடையில் நோட்டீஸாக அடித்துக் கொடுக்கப்பட்டவை. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அந்தக் கடைகளில் பழைய எழுத்துருக்கள்தாம் இன்றும் ஆட்சி செய்கின்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு என்கோடிங் முறைகளை நிர்ணயம் செய்ததும், 2010-இல் அதே அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டதும் சரித்திரம். ஆனால் அரசாணை மாறினால் டிடிபி ஆபரேட்டரின் விரல் மாறிவிடுகிறதா? அவ்வெழுத்துருக்களில் தட்டச்சுப் பொறியைப் போலவே கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகத் தனித்தனி உருவங்கள். அந்தக் கோப்பை யூனிகோடாக மாற்ற நான் பயன்படுத்திய மாற்றி, கொம்பை எடுத்துக் ககரத்துக்குப் பின்னால் வைக்கும் அளவுக்குப் புத்திசாலியாக இருந்ததே தவிர, அதையும் காலையும் ஒன்றாக இணைக்கும் அளவுக்கு இல்லை. நான் பட்டியலிலிருந்தே நகலெடுத்துச் சோதித்தது, திருடனையே சாட்சிக்கு அழைத்த கதை. ‘கோயிலம்பாக்கம்’ என்று புதிதாகச் சேர்த்தேனே, அதிலும் பழைய நோய் அப்படியே தொற்றிக்கொண்டது. ‘யி’யை மாற்றினேன், ‘கோ’வைத் தொடவில்லை.

பரிகாரம் ஒரு வரி. பிஎச்பியில் நார்மலைசர் என்று ஒன்று இருக்கிறது. ஒரே எழுத்துக்குரிய வெவ்வேறு வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது அதன் உத்தியோகம். வரும் விலாசத்தையும் வைத்திருக்கும் பட்டியலையும் அதன் வழியே ஒருமுறை செலுத்திய பிறகே ஒப்பிட வேண்டும். இது இன்ட்டில் என்ற இணைப்போடு வருவது. மலிவு ஹோஸ்டிங்கில் பல சமயம் அதை இயக்காமல் விட்டிருப்பார்கள். கேட்டு வாங்க வேண்டும். ஆனாலும், அந்த இரண்டு நாளில் தலைகாட்டாத கௌரிவாக்கம் மட்டும் பிடிவாதமாக வெளியே நின்றது. பார்த்தால், ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக அந்த மாற்றி சாட்சாத் ளகர எழுத்தையே வைத்திருக்கிறது! அது வடிவ பேதமன்று, சுத்தப் பிழை. எந்த நார்மலைசரும் அதைத் தொடாது. அதைக் கையால் திருத்தினேன்.

எல்லாம் முடிந்து கடைக்குப் போய், ஒரு அட்டைப் பெட்டியின் முதுகில் கொம்பும் காலும் வரைந்து அண்ணாச்சிக்கு விளக்கினேன். கல்லாவில் சில்லறையை அடுக்கியபடியே பொறுமையாகக் கேட்டவர், “கொம்பும் காலும் தனித்தனியா கெடந்தா அதை மாடுன்னு எவன் தம்பி ஒத்துக்குவான்?” என்றார். இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை. டீச்சரம்மாவுக்கு அன்று அரிசி மூட்டையோடு அரைக் கிலோ வெல்லமும் இனாமாகப் போயிற்று. அது என் கணக்கில் எழுதப்பட்டது.

தமிழில் பெயரோ விலாசமோ வாங்கும் பக்கம் ஒன்றை நடத்துகிறவராக நீங்கள் இருந்தால், இன்றைக்கே உங்கள் டேட்டாபேஸில் ஓகாரம் உள்ள ஒரு பெயரை எடுத்து அதன் பைட்டுகளை எண்ணிப் பாருங்கள். கோவிலம்பாக்கமாக இருந்தால் 42 வர வேண்டும். 45 வந்தால், உங்கள் வாசலிலும் யாரோ ஒரு டீச்சரம்மா நின்றுகொண்டிருக்கிறார்.