பழவேற்காடு: காயலுக்குள் ஒரு பட்டினம் (வார இறுதிப் பயணம் – 1)

சென்னை வானகரத்திலிருந்து வார இறுதியில் சென்று தங்கி வரத்தக்க தொன்மையான கடலோர ஊர்களுள் மிக அருகில் இருந்தும் குறைவாகவே பேசப்படுவது பழவேற்காடு ஆகும். மதுரவாயலில் சென்னைப் புறவழிச்சாலையைப் பிடித்து வடக்கே புழல் வரை சென்று, அங்கிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாகத் தச்சூரை அடைந்து, பொன்னேரிக்குத் திரும்பிக் கிழக்கே போனால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் ஊர் வந்துவிடும். ரயிலில் வருவோர் கும்மிடிப்பூண்டித் தடத்தில் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏறுகின்றனர்.

ஊரின் வரலாற்றுக்கு அடிப்படை அதன் நீர்நிலையே. ஏரி என்று வழங்கினாலும் அது நன்னீர் ஏரியன்று; ஆரணியாறு முதலிய ஆறுகளின் நீரும் கடல்நீரும் கலக்கின்ற, மணல்திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு முகத்துவாரத்தால் மட்டும் அதனோடு இணைந்திருக்கின்ற காயல் அது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. மத்தியதரைக் கடலின் கிளையாகிய ஏட்ரியாட்டிக் கரையில் வெனிஸ் நகரம் வளர்ந்ததும் இத்தகைய காயலுக்குள்தான். அலையடங்கிய நீர் சிறு படகுகளுக்குப் புகலிடமாக அமைந்ததால் இரண்டு ஊர்களும் வணிகத்தில் செழித்தன; எனினும் பழவேற்காட்டில் பெருங்கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட, சரக்கு படகுகளில் கரை சேர்ந்தது.

விஜயநகர ஆட்சியில் புகழ்பெற்றிருந்த இத்துறைமுகத்தில் போர்த்துகீசியர் முதலில் குடியேறினர். பின்னர் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் ஒப்புதல் பெற்று டச்சுக்காரர் 1610இல் பண்டகசாலை அமைத்தனர். அதனை 1612இல் போர்த்துகீசியர் அழித்ததால், மறு ஆண்டிலேயே ‘கெல்ட்ரியா’ என்னும் கோட்டை எழுந்தது. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் ஈடாக வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியே விரும்பப்பட்டமையால், அத்துணியைத் திரட்டும் இடமாகவே டச்சுக்காரர் இவ்வூரைப் பேணினர். 1690இல் அவர்களது தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டையைத் தேடிச் செல்பவர் காண்பது புதர் மூடிய மேட்டையும் அகழியின் தடத்தையுமே.

கோட்டை அழிந்தாலும் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள அதன் நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே குலச்சின்னங்களும் டச்சு மொழி எழுத்துகளும் பொறித்த கற்பலகைகள் கிடக்கின்றன. சிற்பத் திறனில் அவை சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகளில், இக்கரையில் விலைக்கு வாங்கப்பட்ட எளிய மக்கள் இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்கென இங்கு ஒரு கல்லும் இல்லை. வணிகர்களின் பெயர்களை மட்டும் படித்துத் திரும்புவது இவ்வூரைப் பாதியளவே அறிந்ததாகும். அந்த அடிமை வணிகத்தையும் எடுத்துரைக்கும் பலகையொன்று வாயிலில் வைக்கப்பட வேண்டும்.

காயலை நம்பி வாழ்வோரின் ஒழுங்குமுறை இவ்வணிகத்தைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது. இறால் மிகும் இடங்களை மீனவக் குப்பங்கள் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் ‘பாடு’ எனப்படுகிறது. எந்த நாளில் எவர் எங்கு வலை கட்டலாம் என்பதை ஊர்க்கூட்டமும் சீட்டுக் குலுக்கலும் தீர்மானிப்பதால், நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்குவதில்லை. இருளர்களோ ஆழங்குறைந்த நீரில் இறங்கிக் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிப்பவர்கள். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபடும்போது கடலிலிருந்து இறால் குஞ்சுகளின் வரவு குன்றி, பாடு முறையால் பகிர்வதற்கே ஒன்றுமில்லாமல் போகிறது. ஆகவே முகத்துவாரத்தைத் திறந்துவைத்தல் இம்மக்களின் நீண்டகாலக் கோரிக்கையாக இருந்துவருகிறது.

பூநாரைகள் வந்திறங்கும் வடபகுதி அடுத்த பகுதியில் இடம்பெறும்.